சொந்த வாசலில் விருந்தாளி

1952-இல் பேராக்கின் ஏதாவதொரு ரப்பர் தோட்டத்தில், விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்றவரிடம் போய் "ஹைகமிஷனர்னா யாருங்க?" என்று கேட்டிருந்தால், அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, நாட்டையே கையில் வைத்திருக்கிற வெள்ளைக்காரர் என்று சொல்லியிருப்பார். சரியான பதில்தான். அன்று அந்தப் பெயரைச் சுமந்தவர் ஜெனரல் டெம்பளர். அந்த ஆண்டு மார்ச்சில் தஞ்சோங் மாலிம் ஊர்மீது கோபம் வந்து, நாளுக்கு 22 மணி நேர ஊரடங்கு போட்டு, அரிசிப் பங்கீட்டையும் வெட்டினாரே, அவர்.

1957 ஆகஸ்டு 31-க்குப் பிறகு அதே மனிதரிடம் அதே கேள்வியைக் கேட்டால் விடை தலைகீழ். ஹைகமிஷனர் என்பவர் வேற்று நாட்டிலிருந்து வந்து வீடெடுத்துத் தங்கியிருப்பவர். கூப்பிட்டால் விருந்துக்குப் போவார். கூப்பிடாவிட்டால் ஏன் கூப்பிடவில்லை என்று ஊருக்குக் கடிதம் எழுதுவார். காமன்வெல்த் நாடுகள் ஒன்றுக்கொன்று அனுப்பும் தூதருக்கு அதுதான் பெயர். எழுத்து மாறவில்லை, உச்சரிப்பு மாறவில்லை. வீட்டுக்காரரைக் குறித்த சொல் ஓர் இரவில் விருந்தாளியைக் குறிக்கத் தொடங்கிவிட்டது.

தூதர்களின் தொழிலில் எனக்குச் சுவைப்பது இப்படிப்பட்ட இடங்கள்தான். ஒப்பந்த மேடை, கைகுலுக்கல், பூச்செண்டு எல்லாம் படம் பிடிப்பவர்களுக்கு. சரக்கு இருப்பது ஒரு பதவிப் பெயரில், ஓர் அடிக்குறிப்பில், கடவுச்சீட்டில் விழாத ஒரு முத்திரையில். தூது என்று பேச்செடுத்தாலே ஔவையாரை அழைத்துவந்து உட்கார வைப்பது நம் வழக்கம். இன்று அவருக்கு ஓய்வு கொடுப்போம். ஈப்போக்காரர் ஒருவர் காத்திருக்கிறார்.

ஜான் அலோஷியஸ் திவி, 1904-இல் பிறந்தவர். தகப்பனார் லூயிஸ் திவி ஈப்போவில் அறியப்பட்ட மனிதர். மகன் லண்டனில் சட்டம் படித்துத் திரும்பினார். ம.இ.கா.வின் (மலாயா இந்தியக் காங்கிரஸ்) முதல் தலைவர் என்று பள்ளிப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம், அதோடு விட்டுவிடுகிறோம். அந்தப் பதவியில் அவர் இருந்தது ஓராண்டு சொச்சம். அதன் பிறகு அவர் ஏற்ற வேலையில்தான் நயமெல்லாம் இருக்கிறது.

அந்த வேலைக்கு ஒரு முன்கதை உண்டு. இந்தியாவின் 1922-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ், மலாயாவில் இந்திய அரசாங்கத்துக்கு 'ஏஜெண்டு' என்று ஓர் அதிகாரி இருந்தார். கோலாலம்பூரில் அலுவலகம். தோட்டம் தோட்டமாகப் போய் லயத்தைப் பார்ப்பார், ஆயாக் கொட்டகையைப் பார்ப்பார், தமிழ்ப்பள்ளிக்குக் கூரை இருக்கிறதா என்று பார்ப்பார், கள்ளுக்கடை எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று பார்ப்பார். ஏஜெண்டு ஐயா வரப்போகிறார் என்றால் லயத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த வெள்ளை அடிப்பில்தான் அவருடைய அதிகாரத்தின் அளவு தெரிகிறது. துரைக்கு அவர் கட்டளையிட முடியாது. கேட்கலாம், பார்க்கலாம், எழுதலாம். ஆண்டுக்கொரு அறிக்கை அச்சாகும். ஆனால் எழுதுகிறவர் வருகிறார் என்றதும் சுவர் வெளுக்கிறது பாருங்கள், அது சின்ன அதிகாரமில்லை.

அந்த வரிசையில் வந்து போன பெரிய விருந்தாளி சீனிவாச சாஸ்திரி. தென்னாப்பிரிக்காவில் இந்தியாவின் முதல் ஏஜெண்டாக இருந்தவர், ஆங்கிலப் பேச்சில் வெள்ளிநாக்கர் என்று பெயரெடுத்தவர். 1936 கடைசியில் மலாயாவுக்கு வந்து தோட்டத் தொழிலாளர் நிலையைப் பார்த்து 1937-இல் அறிக்கை தந்தார். மந்தக் காலத்தில் வெட்டப்பட்ட கூலியை ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று பழையபடி தரவேண்டும் என்றார். கங்காணி வழி ஆள்சேர்ப்பு வேண்டாம் என்றார். அறிக்கை மிக மென்மையாக இருக்கிறது என்று இங்குள்ள இந்தியத் தலைவர்களுக்குக் கசப்பு. அந்தக் கசப்பு எனக்குப் புரிகிறது. லயத்தில் ஓர் இரவு படுத்துப் பார்த்தவருக்கு அந்த நடையில் அவ்வளவு இங்கிதம் வந்திருக்காது. அடுத்த ஆண்டே, 1938-இல், கூலியாட்களை அனுப்புவதை இந்திய அரசு நிறுத்திவிட்டது.

இனி திவி. 1943 அக்டோபர் 21, சிங்கப்பூர் கேத்தே கட்டடம். நேதாஜி தற்காலிகச் சுதந்திர இந்திய அரசை அறிவிக்கிறார். அறிவிப்பின் அடியில் அமைச்சர்கள், படைப் பிரதிநிதிகள், பிறகு ஆலோசகர்கள் என்று பெயர் வரிசை. கரீம் கனி, யெல்லப்பா ஆகியோருடன் ஆலோசகர் வரிசையில் ஜே. திவி என்றொரு பெயர். ஓரிரு நாளில் அந்த அரசு பிரிட்டன்மீது போர் அறிவித்தது. போர் முடிந்து பிரிட்டிஷார் திரும்பியதும் திவி சிறையில் இருந்தார். வெளியே வந்து 1946 ஆகஸ்டில் ம.இ.கா. 1947-இல் இந்தியா அவரை மலாயாவில் தன் அரசின் பிரதிநிதியாக அமர்த்துகிறது.

இந்த நாலாண்டை ஒருமுறை திருப்பிப் பார்க்கத் தோன்றுகிறது. பிரிட்டன்மீது போர் தொடுத்த ஓர் அரசின் தாளில் பெயர் இருந்தவர், அதே பிரிட்டனின் அதிகாரிகளைக் கோலாலம்பூரில் போய்ப் பார்க்கிறார். அவர்கள் எழுந்து நின்று கைகொடுத்தாக வேண்டும். பூட்டி வைத்தவர்களே நாற்காலியை இழுத்துப் போட வேண்டும். அப்போது யார் முகத்தில் என்ன ஓடியது என்று எந்தக் கோப்பிலும் இருக்காது. முகத்தில் எதுவும் ஓடாமல் பார்த்துக்கொள்வதற்குத்தானே அந்தத் தொழிலில் சம்பளம்.

பெயரையும் கவனிக்கவேண்டும். பழைய 'ஏஜெண்டு' போய்விட்டது. அது ஒரே எசமானின் இரண்டு பண்ணைகளுக்கு நடுவே ஓடிய ஆளின் பெயர். 'ஹைகமிஷனர்' என்று வைத்துக்கொள்ளவும் வழியில்லை. மலாயா இன்னும் சுதந்திர நாடில்லை. போதாததற்கு 1948 முதல் அந்தப் பெயரில் ஆளுகிறவரே ஒருவர் அங்கே இருந்தார். ஆகவே 'பிரதிநிதி'. பல்லும் இல்லாத, பழைய வாடையும் இல்லாத சொல். அந்தச் சொல்லுக்குள் புது நாடொன்று ஒடுங்கி உட்கார்ந்திருந்தது.

பதவி ஏற்ற மறு ஆண்டே சோதனை வந்தது. 1948 ஜூன் 16-இல் ஈப்போவுக்கு வடக்கே சுங்கை சிப்புட்டில், எல்ஃபில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் பிறந்தது. ஆயுதம் வைத்திருந்தால் தூக்கு என்றாயிற்று. 1949 மார்ச்சில், அனைத்து மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி கைத்துப்பாக்கியோடு பிடிபட்டார் என்று வழக்கு. தண்டனை தூக்கு. தஞ்சை மண்ணிலிருந்து வந்தவர், நேதாஜியின் படையில் இருந்தவர். திவிக்கு அவர் வெறும் கோப்பு எண்ணாக இருந்திருக்க முடியாது.

இந்தியா அவர் உயிருக்காகக் கோலாலம்பூரில் தன் பிரதிநிதி வழியாகவும், லண்டனில் கிருஷ்ணமேனன் வழியாகவும் மன்றாடியது. இந்த மன்றாட்டின் இலக்கணம் கடுமையானது. தீர்ப்பு தவறு என்று சொன்னால் அடுத்த வீட்டு நீதிமன்றத்தைப் பழித்ததாகும். குற்றவாளிதான் என்று ஒத்துக்கொண்டால் தன் ஆளைக் கைவிட்டதாகும். ஆகவே தீர்ப்பைத் தொடாமல், அதைச் சுற்றிப் போய், உயிரை மட்டும் கேட்க வேண்டும். 'கருணை' என்ற சொல் இருப்பதே இந்தச் சுற்றுவழிக்காகத்தான். கேட்டார்கள். கிடைக்கவில்லை. 1949 மே 4-இல் புடு சிறையில் கணபதி தூக்கிலிடப்பட்டார்.

அதே காலத்தில் ஜொகூரில் பிடிபட்ட சாம்பசிவம் தப்பினார். அவரைக் காப்பாற்றியது கருணையில்லை, தர்க்கம். கைத்துப்பாக்கி வைத்திருந்தது ஒரு குற்றச்சாட்டு, பத்துத் தோட்டாக்கள் வைத்திருந்தது இன்னொன்று. முதல் விசாரணையில் தோட்டா விஷயத்தில் அவரை விடுவித்துவிட்டார்கள். துப்பாக்கிக்காக மறுவிசாரணை நடந்தபோது, தோட்டாவையும் சேர்த்து ஒப்புக்கொண்டதாக ஒரு வாக்குமூலத்தைக் கொண்டுவந்து நம்பச் சொன்னது அரசுத் தரப்பு. லண்டன் பிரிவி கவுன்சில் 1950-இல் கேட்டது ஒன்றே: ஒருமுறை விடுவித்த பிறகு, அவர் அந்தத் தோட்டாக்களை வைத்திருந்தார் என்று அரசுத் தரப்பே எப்படிப் பேசலாம்? விடுதலைத் தீர்ப்பு இரு தரப்பையும் கட்டும். ஒரு கழுத்து அந்த நூலில் தப்பியது. இன்றும் பல நாட்டுச் சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள் அந்தத் தீர்ப்பை. அதிலே வரும் சாம்பசிவம் மலாயாத் தமிழர் என்பது படிப்பவர்களில் எத்தனை பேர் மனதில் நிற்குமோ.

இதற்குள் இந்திய அரசமைப்புச் சட்டம் வந்துவிட்டது. அதன் 8-ஆம் உறுப்பு ஓர் அழகான விசித்திரம். அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி யாராவது ஒருவர் பழைய இந்தியாவில் பிறந்திருந்தால், வெளிநாட்டில் வாழ்பவர் அங்குள்ள இந்தியத் தூதரிடமோ பிரதிநிதியிடமோ பதிந்துகொண்டு குடிமகன் ஆகலாம். அதாவது திருச்சியையோ சேலத்தையோ கண்ணால் காணாத ஒரு பால்வெட்டுக்காரர், பேராக் தோட்டத்து லயத்தில் இருந்தபடியே, பாட்டியின் பிறப்பை வைத்து இந்தியர் ஆகலாம். இடையில் வேண்டியது பிரதிநிதி அலுவலகத்தின் ஒரு பேனாக்கோடு. 1950 ஜூனில் நேரு இங்கு வந்தபோது, எந்த நாடு என்று முடிவெடுத்துக்கொள்ளுங்கள் என்ற பேச்சு. அந்தக் கேள்வியை ஊருக்குக் கொண்டுசெல்ல வேண்டிய பிரதிநிதி, தானே பேராக்கின் பிள்ளை. பிறந்த ஊரில் வேற்று நாட்டின் ஆளாக உட்கார்ந்து, உடன் பிறந்தவர்களிடம் 'நீ யார் பக்கம்?' என்று கேட்கும் நிலை எழுதப்படாத ஒரு நாவல். திவி பின்னர் ரோமில் இந்தியத் தூதராகவும் இருந்தார். ஈப்போவிலிருந்து ரோமுக்கு, அதுவும் இந்தியக் கொடியின் கீழ்! ஆனால் என் கண்ணுக்கு ரோம் அவருடைய உச்சமாகப் படவில்லை. கோலாலம்பூர்தான்.

ஒரு பக்கவழி. 1954-இல் சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி கலாசாலையைத் திறந்துவைக்க வந்தவர் விஜயலட்சுமி பண்டிட். அந்த ஊர்க்காரரான வீ. தி. சம்பந்தனின் முயற்சியில் எழுந்த தமிழ்ப்பள்ளி அது. பண்டிட் மாஸ்கோ, வாஷிங்டன் இரண்டிலும் தூதராக இருந்தவர், 1953-இல் ஐ.நா. பொதுச்சபையின் தலைமை நாற்காலியில் அமர்ந்த முதல் பெண். முதல் துப்பாக்கி வெடித்து ஆறு ஆண்டுதான் ஆகியிருந்தது, அவசரகாலமும் முடியவில்லை. தோட்டத்துப் பிள்ளைகள் படிக்கிற பள்ளியின் வாசலில் அவர் வந்து நிற்கிறார். ஏஜெண்டு ஐயா வந்த காலத்தில் சுவருக்குத்தான் வெள்ளை அடித்தார்கள். இந்த முறை சுவரே புதிது.

தோட்டத்திலிருந்து தூதரகம் போன இன்னொருவரைச் சொல்லாமல் இருக்க முடியாது. கே. கேசவபாணி, சிங்கப்பூரின் ஓய்வுபெற்ற தூதர். அவருடைய நினைவுக்குறிப்பு நூலின் தலைப்பே 'எஸ்டேட்டிலிருந்து எம்பஸிக்கு' என்ற பொருளில்தான் ஆங்கிலத்தில் அமைந்தது. 1995-இல் உலக வர்த்தக நிறுவனம் ஜெனீவாவில் பிறந்தபோது அதன் பொதுக்குழுவின் முதல் தலைவர் அவர். ரெனாட்டோ ருஜியேரோ என்ற இத்தாலியரைத் தலைமை இயக்குநராக அந்தக் குழு நியமித்தது அவர் தலைமையில்தான்.

அந்த நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் 9-ஆம் பிரிவுக்கு ஓர் அடிக்குறிப்பு இருக்கிறது. நான் ரசித்துப் படித்த மிகச் சில சட்ட வாசகங்களில் ஒன்று. கருத்தொருமை என்றால் என்ன என்று அது சொல்கிறது: முடிவெடுக்கும் நேரத்தில் கூட்டத்தில் இருக்கும் எந்த உறுப்பினரும் முறைப்படி மறுக்கவில்லையானால், எல்லாரும் ஒப்பியதாகக் கருதப்படும். சொல்லுக்குச் சொல் நிறுத்திப் பாருங்கள். 'கூட்டத்தில் இருக்கும்': காபி குடிக்க வெளியே போனவர் கணக்கில் இல்லை, சில நேரம் அதற்காகவே காபி குடிக்கப் போவார்கள் போலும். 'முறைப்படி': முகம் சுளித்தால் போதாது, பக்கத்து நாற்காலியிடம் முணுமுணுத்தால் போதாது. 'கருதப்படும்': யாரும் மனதார ஒப்பினார்கள் என்று அது சொல்லவே இல்லை.

இதைப் படித்ததும் எனக்குத் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாக் கூட்டம்தான் நினைவுக்கு வந்தது. தலைவர் கணக்கை வாசிப்பார். "யாருக்காச்சும் மறுப்பு இருக்கா?" ஒருவர் துண்டை உதறுவார், ஒருவர் கூரையைப் பார்ப்பார். "சரி, ஏகமனதா முடிவாச்சு." மறுநாள் கள்ளுக்கடையில் குமுறுகிறவரிடம் மற்றவர் கேட்பார்: "நேத்து வாய மூடிக்கிட்டுதானே இருந்தே?" ஜெனீவாக்காரர்கள் இதை அடிக்குறிப்பாக எழுதிவைத்தார்கள், நாம் எழுதாமலே செய்தோம். கேள்விக்கும் சுத்தியல் தட்டுக்கும் நடுவே எத்தனை நொடி விடுவது என்பது இரண்டு இடத்திலும் எந்த விதியிலும் இல்லை. அதுதான் தலைவரின் கைப்பக்குவம்.

அந்த 1995-இலேயே, நவம்பர் 15-இல் பொதுக்குழு ஏற்று, தலைவர் அறிக்கையாக வெளிவந்த ஒன்று உண்டு. புது நாட்டைச் சேர்க்க மூன்றில் இரண்டு பங்கு வாக்கு போதும், விதிவிலக்கு தர நான்கில் மூன்று பங்கு போதும் என்று ஒப்பந்தம் இடம் தந்திருந்தது. ஆனாலும் முதலில் கருத்தொருமையைத் தேடுவோம், கிடைக்காவிட்டால்தான் வாக்கு என்றது அந்த அறிக்கை. வாக்குப்பெட்டியை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைத் தொலைக்காமல் ஆணியில் மாட்டிவைத்த மாதிரி. சின்ன நாட்டுக்காரர் ஒருவர் தலைமை நாற்காலியில் இருந்தபோது இது நடந்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி. வாயைத் திறந்தால் கணக்கில் வரும் என்பது சின்னவர்களுக்குக் கிடைத்த பெரிய ஆயுதம்.

1997 முதல் 2002 வரை கேசவபாணி கோலாலம்பூரில் சிங்கப்பூரின் ஹைகமிஷனர். அதே சொல், அதே வாசல். மலாயாத் தோட்டத்தில் வளர்ந்தவர், பக்கத்து நாட்டின் விருந்தாளியாகத் திரும்பி வந்தார். வந்த காலமோ தண்ணீர்ச் சண்டைக் காலம். ஆயிரம் காலன் ஜொகூர்த் தண்ணீர் 3 காசு. சிங்கப்பூர் அதைச் சுத்தம் செய்து திரும்பத் தந்தால் ஆயிரம் காலன் 50 காசு. 1961, 1962 ஒப்பந்தங்களில் எழுதிய அந்தக் காசுகளை வைத்து இரண்டு அரசுகளும் எத்தனை கோடிச் சொற்களைச் செலவழித்திருக்கும்!

ஓய்வுக்கு முன் அவர் சிங்கப்பூரின் தென்கிழக்காசிய ஆய்வுக் கழகத்துக்கு இயக்குநராக இருந்தார். 2009-இல் அங்கிருந்து அவரும் இன்னும் இருவரும் பதிப்பித்த நூல் ராஜேந்திர சோழனின் கடற்படையெடுப்பைப் பற்றியது. தலைப்பு 'நாகப்பட்டினம் முதல் சுவர்ணத்தீபம் வரை'. இரண்டு நூலும் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும் தலைப்பு. அதே நாகப்பட்டினத்தில்தான் நம் ஆட்கள் பெட்டி படுக்கையோடு ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்குக்கு வந்தார்கள். படையாகப் போனதற்கு நூல் வந்துவிட்டது. கூலியாகப் போனதற்கு ஒரு தூதர் தன் நினைவுகளுக்குத் தலைப்பு வைத்திருக்கிறார்.

அவர் கோலாலம்பூரில் இருந்த ஆண்டுகளில் எல்லைச் சிக்கல் ஒன்று ரயில் பாதையிலேயே ஓடிக்கொண்டிருந்தது. 1998 ஆகஸ்டு 1 முதல் சிங்கப்பூர் தன் குடிநுழைவுச் சாவடியை உட்லண்ட்ஸுக்கு மாற்றிக்கொண்டது. மலேசியச் சாவடி மட்டும் நகருக்குள் தஞ்சோங் பகார் நிலையத்திலேயே நின்றது, 2011 நடுவில் அந்த நிலையம் மூடப்படும்வரை. ஆகவே ரயிலேறும்போதே மலேசியாவுக்குள் நுழைந்தாயிற்று. அரைமணி கழித்து உட்லண்ட்ஸில்தான் சிங்கப்பூரைவிட்டு வெளியேறுவது. விட்டுப் போகுமுன் வந்து சேர்வது! தன் மண்ணில் நடக்கும் அந்த நுழைவைச் சிங்கப்பூர் ஏற்கவில்லை. மலேசியாவும் கடவுச்சீட்டில் முத்திரை குத்தாமல் குடிநுழைவு அட்டையில் மட்டும் குறித்துக்கொடுத்தது. இரு தரப்பும் விட்டுக்கொடுக்கவில்லை, ரயிலும் நிற்கவில்லை.

தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த ஒரு தம்பியோடு அப்படி ஒருமுறை வந்தேன். கோலாலம்பூரில் வண்டி மாறி ஈப்போ வந்து இறங்கினோம். நிலையத்தின் வெள்ளைக் குவிமாடத்தடியில் நின்று அவன் கடவுச்சீட்டைப் புரட்டினான். விசா ஒட்டியிருந்தது. சிங்கப்பூரை விட்ட முத்திரை இருந்தது. அடுத்த பக்கம் வெற்றுத் தாள். இன்னும் ஒருமுறை புரட்டிவிட்டு என்னைப் பார்த்தான்.

"அண்ணே, நான் வந்துட்டேனா, இல்லையா?"